அம்மா எந்த வரியில் இருக்கிறார்?
வரவு செலவுத் திட்ட விவாதமும் நம் வீட்டு வேலைகளும்



இந்த மாதப் பாடத்தின் தலைப்பு கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம். பட்ஜெட் என்றாலே நம்மில் பலர், 'எஸ்.டி.ஆர். எவ்வளவு, எப்ப வரும்?' என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனை மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும், அதில் நான் செய்த தவறுகளையும் இங்கே சொல்கிறேன்.

18 அக்டோபர் 2024, வெள்ளிக்கிழமை மாலை. தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அம்மா அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிரதமர் 2025-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்துகொண்டிருந்தார். மொத்தம் 421 பில்லியன் ரிங்கிட்.

"நமக்கு என்னப்பா குடுத்தாங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"பிப்ரவரியில இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிம்மா. இப்ப 1,500 தானே?"

அம்மா முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "இருநூறு வெள்ளி. கரண்ட் பில்லுக்கு ஆச்சு" என்றார்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். 14 வருஷமாக அதே பள்ளி, அதே கழிவறை, அதே கேண்டீன். ஆனால் அவர் பள்ளியின் ஊழியர் இல்லை. அரசாங்க ஊழியரும் இல்லை. குத்தகை எடுத்த கம்பெனியின் ஆள். இந்த 14 வருஷத்தில் கம்பெனி நான்கு முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அம்மா 'புது ஆள்' ஆகிவிடுவார். வேலைச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே முதலாளியிடம் இருந்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் விடுப்பு. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் 8 நாள். கம்பெனி மாறுகிற ஒவ்வொரு தடவையும் அம்மா 8 நாளுக்கே திரும்பிப் போவார்.

2025-இன் நடுவில் பழைய குத்தகை முடிந்து புதுக் குத்தகை வந்தது. ஆறு பேர் செய்த வேலைக்கு நான்கு பேர் போதும் என்றார்கள். அம்மா தப்பித்தார். இரண்டு பேருக்கு வேலை போனது. அதில் ஒருவர் நம் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கோலம் போடும் அக்கா. வயது 53. இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவார்?

"சம்பளம் ஏறிருச்சு, குத்தகைக் காசு ஏறல. ஆளைக் குறைச்சுத்தான் கணக்கைச் சரிக்கட்டணும்." மேற்பார்வையாளர் அம்மாவிடம் சொன்ன விளக்கம் இவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நாடாளுமன்றத்தில் யாரும் 'துப்புரவுத் தொழிலாளர்களைக் குறைக்கப் போகிறோம்' என்று சொல்லவில்லையே? சம்பளத்தைக் கூட்டினோம் என்றுதானே சொன்னார்கள்? பிறகு அந்த அக்காவின் வேலை எந்த இடத்தில் காணாமல் போனது?

1. புத்தகத்தில் அம்மா எங்கே?

வரவு செலவுத் திட்டம் என்றால் நமக்கு நிதியமைச்சரின் உரைதான் ஞாபகத்துக்கு வரும். உரையோடு சேர்த்து ஒரு தடிமனான புத்தகமும் வரும். அதுதான் செலவு மதிப்பீட்டுப் புத்தகம். நிதியமைச்சின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மலாயில் இருக்கும். எஸ்.பி.எம். எழுதிய யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அதில் ஒவ்வொரு அமைச்சுக்கும் ஒரு தலைப்பு உண்டு. 'மக்சூட்' என்பார்கள். தலைப்புக்குக் கீழே செலவுகளை வகை பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். 10000 என்றால் 'எமொலுமென்', அதாவது அரசாங்க ஊழியர்களின் சம்பளமும் படிகளும். 20000 என்றால் சேவைகளும் பொருள் வழங்கலும். மின்சாரக் கட்டணம், காகிதம், பயணச் செலவு, வாடகை, பழுதுபார்ப்பு, வெளியாருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும்.

நான் முதலில் அம்மாவை 10000-இல் தேடினேன். சம்பளம் வாங்குகிறவர்தானே, அங்கேதான் இருப்பார் என்று நினைத்தேன். அங்கே இல்லை. குத்தகைக்காரருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணத்துக்குள்தான் அம்மாவின் சம்பளம் ஒளிந்திருக்கிறது. அதாவது 20000-இல், காகிதத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் பக்கத்தில்.

இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு விஷயமே விளங்கியது. 10000-ஐக் குறைப்பது எளிதல்ல. அரசாங்க ஊழியருக்குப் பணி விதிகள் உண்டு, சங்கம் உண்டு, பலருக்கு ஓய்வூதியமும் உண்டு. ஆனால் 20000-ஐக் குறைத்தால் அதன் பெயர் 'சிக்கனம்'. கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஏர்கோனைக் குறைத்தார்கள், காகிதத்தைக் குறைத்தார்கள் என்றுதான் நாம் நினைப்போம். தொகையைக் குறைக்கக்கூட வேண்டாம். செலவு ஏறும்போது தொகையை அப்படியே விட்டாலே போதும். உள்ளே இருக்கும் ஆள் தானாக வெளியே விழுந்துவிடுவார்.

ஒரு சின்னக் கணக்கு. ஆறு பேருக்குத் தலா 1,500 என்றால் மாதம் 9,000 ரிங்கிட். அதே ஆறு பேருக்குத் தலா 1,700 என்றால் 10,200. வித்தியாசம் மாதம் 1,200, வருஷத்துக்கு 14,400. சேமநிதி, சொக்சோ சந்தாவையெல்லாம் இதில் சேர்க்கவில்லை. இந்த 1,200 ரிங்கிட் யார் பையிலிருந்து வர வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை என்றால், அது தொழிலாளியின் பையிலிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய 9,000-ஐ வைத்தே 1,700 வீதம் ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். அப்படியிருக்க நாலு பேர் என்று எப்படி ஆனது? ஆகவே இங்கே கேள்வி ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, அரசாங்கம் எவ்வளவு ஒதுக்கியது என்பது. மற்றது, குத்தகைக்காரர் எவ்வளவை ஆளுக்குச் செலவழிக்கிறார் என்பது. பொதுவாக 'ஏழைகளுக்கு உதவுங்கள்' என்று கேட்டால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது.

2. வேலை போனாலும் 'வேலை இழப்பு' இல்லை

அக்காவுக்கு எப்படியாவது உதவலாம் என்று, வேலை காப்புறுதித் திட்டத்தைப் பற்றித் தேடினேன். 2018-இல் நடைமுறைக்கு வந்த நல்ல திட்டம் அது. சம்பளத்திலிருந்து சிறு தொகையைச் சந்தாவாகப் பிடிப்பார்கள். வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். வேறு வேலை தேடவும் உதவுவார்கள்.

60 நாளுக்குள் போய்விட வேண்டும் என்று அக்காவை அவசரப்படுத்தினேன். ஆனால் அவர் கையில் இருந்த கடிதத்தில் 'ஒப்பந்தக் காலம் முடிவுற்றது' என்று எழுதியிருந்தது. குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வேலை போனால், அந்தச் சட்டப்படி அது வேலை இழப்பாகாது. தானாக ராஜினாமா செய்தவர் எந்த வரிசையிலோ, அந்த வரிசையில்தான் அக்காவும் நிற்கிறார்.

மாதா மாதம் சந்தா கட்டியவர். வேலை நிஜமாகவே போய்விட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு எதுவும் போகவில்லை. "பரவால்ல தம்பி, நீ அலைஞ்சதே போதும்" என்று அவர் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது என்பதோடு நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. யாரை அது வெளியே விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஜாகா வேலை செய்கிறவர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் குறித்த கால ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

3. எப்போது பேசினால் காதில் விழும்?

பட்ஜெட் தாக்கலான மறுநாள் முகநூலில் திட்டித் தீர்ப்பது நமக்குப் பழக்கம். ஒரு வாரத்தில் மறந்தும் விடுவோம். ஆனால் தாக்கல் என்பது முடிவல்ல, தொடக்கம். அதன் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி, தாக்கலுக்கு முன்பே நடப்பது. அமைச்சுகள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு நிதியமைச்சுக்கு எழுதும். ஆண்டின் நடுப்பகுதியில் நிதியமைச்சு பொதுமக்களின் கருத்தையும் இணையத்தில் கேட்கும். நம் இயக்கங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்தப் படியில்தான்.

இரண்டாவது படி, அக்டோபரில் மக்களவையில் தாக்கல். அதைத் தொடர்ந்து கொள்கை அளவிலான விவாதம். உறுப்பினர்கள் பொதுவாகப் பேசுவார்கள், அமைச்சர்கள் பதில் சொல்வார்கள், வாக்கெடுப்பு நடக்கும்.

மூன்றாவது படி, செயற்குழு நிலை விவாதம். ஒவ்வொரு அமைச்சாக எடுத்து, தலைப்புத் தலைப்பாக விவாதிப்பார்கள். 'இந்த எண்ணுக்குக் கீழே போட்டிருக்கிற இந்தத் தொகை எதற்கு?' என்று கேட்கக்கூடிய இடம் இதுதான். அம்மாவின் வரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இங்கேதான் பேச வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்றாம் வாசிப்பு, மேலவை, மாமன்னரின் ஒப்புதல். ஜனவரி முதல் தேதி பணம் ஓடத் தொடங்கும்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி, செலவைக் கூட்டும் திருத்தத்தை அமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும். சாதாரண உறுப்பினர், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு தொகையைக் குறைக்கச் சொல்லலாமே தவிர, கூட்டுவதற்குத் திருத்தம் கொண்டுவர முடியாது. 'அப்புறம் எதுக்கு ஒய்.பி.கிட்ட போறது?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு 2020-ஆம் ஆண்டு பதில் சொல்கிறது.

4. 2020-இல் நடந்தது

கோவிட் காலம். 6 நவம்பர் 2020 அன்று 322.5 பில்லியன் ரிங்கிட் வரவு செலவுத் திட்டம் தாக்கலானது. அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை மிக மெல்லியதாக இருந்த நேரம்.

அதில் 'ஜாசா' எனப்படும் சிறப்பு விவகாரத் துறைக்கு 85.5 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியிருந்தார்கள். 2018-இல் கலைக்கப்பட்ட துறை அது; அரசாங்கத்தின் செய்தியை மக்களிடம் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. நாட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து நிற்கும்போது பிரசாரத்துக்கு இவ்வளவா என்று மக்கள் கொதித்தார்கள். புத்தகத்தில் யாரோ அந்த ஒரு வரியைப் பார்த்ததால்தானே அந்தக் கேள்வியே வந்தது! நாடாளுமன்றத்திலும் வெளியிலும் சத்தம் அடங்கவில்லை. கடைசியில் அந்த ஒதுக்கீடு 40.5 மில்லியனாகக் குறைந்தது. 45 மில்லியன் ரிங்கிட் வேறு வேலைக்குத் திரும்பியது.

முன்களப் பணியாளர்களுக்கான சிறப்புத் தொகை இன்னும் பல பிரிவினருக்கு விரிந்தது. வங்கிக் கடன் ஒத்திவைப்பிலும் சலுகைகள் கூடின. இவற்றைக் கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்ல. ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். 15 டிசம்பர் 2020 அன்று மூன்றாம் வாசிப்பில் 111-க்கு 108 என்ற வாக்கில் அந்தத் திட்டம் நிறைவேறியது. மூன்றே வாக்கு வித்தியாசம்.

திருத்தம் கொண்டுவரும் அதிகாரம் அமைச்சரிடம் மட்டும் இருக்கலாம். ஆனால் அமைச்சரைத் திருத்தம் கொண்டுவர வைக்கும் பலம் கேள்விக்கு உண்டு. தாக்கலுக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் இருந்த அந்த 39 நாளில் எண்கள் மாறின.

5. கேட்பதிலும் கவனம் வேண்டும்

அதே விவாதத்தில் இன்னொரு கோரிக்கையும் வென்றது. அதைப் பற்றி எனக்கு இன்றும் மனசு சமாதானமாகவில்லை.

ஊழியர் சேமநிதியின் முதல் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். முதலில் சுமார் ஆறு லட்சம் பேருக்கு மாதம் 500 ரிங்கிட் என்றிருந்ததை, அழுத்தம் வந்ததும் பெரிதாக விரித்தார்கள். 2020 முதல் 2022 வரை இப்படிப் பல பெயர்களில் நடந்த மொத்தம் நான்கு திட்டங்களில் சேமநிதியிலிருந்து வெளியே போனது 145 பில்லியன் ரிங்கிட்.

அன்றைக்குப் பசிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் எடுத்தோம். வாடகை பாக்கியைக் கட்டினோம். ஆனால் அது யார் பணம்? அரசாங்கத்தின் பணமா? இல்லை. அம்மாவின் முதுமைக்கால அரிசிப் பணம். நாம் போராடி வாங்கியது நம் சொந்தச் சேமிப்பையே. அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து அதற்கு ஒரு காசும் போகவில்லை.

ஆகவே 'உதவி கிடைத்தது' என்று கேட்டதும் கைதட்டுவதற்கு முன், பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பொதுப் பெட்டியிலிருந்தா, நம் பெட்டியிலிருந்தா, நாளை நம் தம்பி தங்கைகள் கட்டவேண்டிய கடனிலிருந்தா?

6. எல்லா வெட்டும் தப்பா?

வெட்டு என்ற சொல் வந்தாலே கொடி பிடிப்பதும் சரியில்லை. அரசாங்கத்தின் பக்கத்துக் கணக்கையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் எஸ்.டி.ஆர்., சாரா இரண்டுக்கும் சேர்த்து 13 பில்லியன் ரிங்கிட். கடனுக்குக் கட்டும் வட்டிக்கு 54 பில்லியனுக்கு மேல். ஏழைக்குக் கொடுக்கும் ரொக்க உதவியைப்போல் நான்கு மடங்கு பணம் வட்டிக்கே போகிறது. 2023-இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புடைமைச் சட்டம், பற்றாக்குறையையும் கடனையும் குறிப்பிட்ட அளவுக்குள் கொண்டுவரச் சொல்கிறது. ஆகவே 'எங்கே குறைப்பது' என்ற பேச்சு இனி எல்லா வருஷமும் இருக்கும்.

நல்ல வெட்டுக்கும் உதாரணம் உண்டு. 10 ஜூன் 2024 முதல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3.35 ரிங்கிட் ஆனது. அதற்கு முன் 2.15. எல்லாருக்கும் கொடுத்த மானியத்தை நிறுத்தி, தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் மாதம் 200 ரிங்கிட் கொடுத்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 4 பில்லியன் மிச்சமாகும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பெரிய வண்டிக்காரருக்கும் கடத்தல்காரருக்கும் போய்க்கொண்டிருந்த பணத்தை நிறுத்துவதில் தவறு இல்லை. அதே சமயம் பதிவுக்குள் வராமல் விடுபட்ட சின்ன வியாபாரிக்கு அது பெரிய அடிதான்.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி 'வெட்டலாமா?' என்பதல்ல. யாரிடமிருந்து வெட்டுகிறார்கள், அந்தப் பணம் எங்கே போகிறது, வெட்டுப்பட்டவருக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

7. படிக்காசும் வாசியும்

திருமுறை வகுப்புக்குப் போனவர்களுக்குத் திருவீழிமிழலைக் கதை தெரியும். பஞ்ச காலம். அடியார்களுக்கு உணவிட, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினமும் ஆளுக்கொரு பொற்காசு அருளினார். அப்பர் மடத்தில் சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமானது. ஏன் என்று விசாரித்தார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறைந்தது. கடைக்காரர்கள் அதற்கு வட்டம் கேட்டார்கள். பண்டம் வாங்கிவர நேரமானது. அந்தக் குறையைத்தான் 'வாசி' என்பார்கள். சம்பந்தர் 'காசு வந்ததே போதும்' என்று பேசாமல் இருந்துவிடவில்லை. வாசி நீங்க வேண்டும் என்று இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார். நல்ல காசு வந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் எது தெரியுமா? காசு வந்ததா என்று அவர்கள் பார்க்கவில்லை. அடியார் இலையில் சோறு எத்தனை மணிக்கு விழுந்தது என்று பார்த்தார்கள்.

பட்ஜெட் காசுக்கும் வாசி உண்டு. நம் சமுதாயத்துக்காக மித்ராவுக்கு 100 மில்லியன் என்று பல ஆண்டுகள் கேட்டிருப்போம். ஒதுக்குவது வேறு, செலவாவது வேறு, உரியவரைப் போய்ச் சேர்வது வேறு. வருடாந்திரச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டுக்குள் செலவழிக்கவில்லை என்றால் அந்த ஒப்புதலும் காலாவதியாகிவிடும். பணம் பொதுப் பெட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே அக்டோபரில் 'எவ்வளவு?' என்று கேட்டால் மட்டும் போதாது. ஏப்ரலில் 'எவ்வளவு செலவாச்சு?' என்றும், ஆகஸ்டில் 'யாருக்குப் போச்சு?' என்றும் கேட்க வேண்டும்.

8. நாங்கள் செய்தது

2026-ஆம் ஆண்டுக்கான திட்டம் 10 அக்டோபர் 2025 அன்று தாக்கலானது. எங்கள் இளைஞர் பிரிவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். இரண்டு பக்கம். 'வறுமையில் வாடும் தொழிலாளர்களின் கண்ணீரைத் துடைக்க வேண்டும்' என்றெல்லாம் நான்தான் எழுதினேன். தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதை வச்சுக்கிட்டு ஒய்.பி. சபையில எழுந்து என்ன கேட்பாரு?"

அவமானமாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். திரும்பி வந்து ஒரே பக்கத்தில் எழுதினோம். எந்த அமைச்சு, எந்த எண், என்ன நடந்தது, என்ன கேள்வி. மூன்றே கேள்வி வைத்தோம்.

ஒன்று: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனதற்கு ஏற்ப, துப்புரவுக் குத்தகைக்கான ஒதுக்கீடு கூட்டப்பட்டதா?

இரண்டு: ஒரு பள்ளிக்கு எத்தனை தொழிலாளர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? அதை யார் சரிபார்க்கிறார்கள்?

மூன்று: குத்தகைக்காரர் மாறும்போது, ஏற்கெனவே இருக்கும் தொழிலாளரையே வைத்துக்கொண்டு அவர்களின் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட என்ன ஏற்பாடு?

அம்மாவிடமும் மற்ற மூவரிடமும் சம்பளச் சீட்டு நகல் வாங்கி, பெயரை மறைத்து இணைத்தோம். அம்மா முதலில் பயந்தார். "இருக்கிற வேலையும் போயிருமோ?" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெயரோ பள்ளியோ வெளியே வராது என்று உறுதியாகச் சொன்ன பிறகுதான் கொடுத்தார். இதில் நீங்களும் கவனமாக இருங்கள். நம் ஆர்வத்துக்கு அவர்களின் வேலையைப் பணயம் வைக்கக் கூடாது.

செயற்குழு விவாதத்தில் எங்கள் உறுப்பினர் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு எழுத்துப்பூர்வமாகப் பதிலும் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறார். சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது.

அப்படியென்றால் என்ன பயன்? என் நண்பர்களும் இதைத்தான் கேட்டார்கள். சபையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் 'ஹன்சார்ட்' எனும் பதிவேட்டில் அச்சாகிவிடும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். அடுத்த அக்டோபரில் நாங்கள் சும்மா போகமாட்டோம். 'சென்ற ஆண்டு இப்படிக் கேட்டோம், இப்படிப் பதில் சொன்னீர்கள், இப்போது நிலைமை என்ன?' என்று அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம். முதலில் நான்கு சம்பளச் சீட்டுதான் இருந்தது. இப்போது பக்கத்துத் தாமானிலிருந்தும் சேர்த்துப் பதினொன்று இருக்கிறது.

இது கட்சி வேலை அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் 20000 என்ற எண் அந்தப் புத்தகத்தில் இருக்கும். அதற்குள் நம் அம்மாக்களும் இருப்பார்கள்.

கலந்துரையாடலுக்கு

அடுத்த சந்திப்பில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

1. உங்கள் வீட்டில் யாருடைய சம்பளம் நேரடியாகவோ குத்தகை வழியாகவோ அரசாங்கப் பணத்திலிருந்து வருகிறது? அது எந்த அமைச்சு? 10000-இலா, 20000-இலா?

2. உங்கள் குடும்பம் பெறும் உதவி ஒன்றைச் சொல்லுங்கள். அது நிறுத்தப்பட்டால் முதலில் எதைக் குறைப்பீர்கள்? சாப்பாடா, டியூஷனா, மருந்தா?

3. 2020-இல் சேமநிதிப் பணத்தை எடுக்க அனுமதித்தது பாதுகாப்பா, இழப்பா? இரு பக்கமும் வாதிடுங்கள்.

4. 'எங்கே குறைக்கலாம்?' என்று நிதியமைச்சர் உங்களையே கேட்டால், எந்தச் செலவைக் காட்டுவீர்கள்? அதனால் யாருக்கு வேலை போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஓர் அமைச்சின் பக்கத்தை இறக்கி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். கடந்த ஆண்டுகளில் எவ்வளவு, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்த வரிக்குள் எத்தனை ஆட்கள் இருக்கக்கூடும் என்று யோசியுங்கள். பிறகு ஒரு கேள்வி எழுதுங்கள். எழுந்து நின்று ஒரே மூச்சில் கேட்கக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும்.

நான் எழுதிய முதல் கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இவ்வளவு நாளா நான் காகிதத்துக்குப் பக்கத்துலயா இருந்தேன்?" என்று சிரித்தார். பிறகு, "அக்கா பேரையும் எங்கயாச்சும் எழுதிவைப்பா" என்றார்.

பெயர் எழுதவில்லை. ஆறு பேர் நாலு பேரானார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.